லிவர்பூலும் மான்செஸ்டரும்

கேள்வி: ஒரு பெரிய துறைமுகப் பட்டினத்துக்கு அருகிலேயே போட்டித் துறைமுகம் ஏற்பட்டால் அது பட்டினத்துக்கு நாசந்தானே?

பதில்: நாசம் என்று நான் கருதவில்லை; இங்கிலாந்தின் லிவர்பூலே அதற்குச் சான்று. மான்செஸ்டர் ஆலைகளுக்கு வந்த பஞ்சுக்கும் அங்கிருந்து புறப்பட்ட துணிக்கும் லிவர்பூல் துறைமுகமும் ரயில் கம்பெனிகளும் மிதமிஞ்சிய கட்டணம் வசூலித்துவந்தபோது, டானியல் ஆடம்சன் என்ற தொழிலதிபரும் அவர் நண்பர்களும் 1882-இல் கூடி, கடலையே தங்கள் ஊருக்குக் கொண்டுவந்துவிடுவதென்று நிச்சயித்தார்கள். லிவர்பூலின் கடும் ஆட்சேபத்துக்கிடையே பார்லிமெண்டில் இருமுறை தோற்ற அவர்களுடைய கால்வாய் மசோதா, 1885-இல் சட்டமாகி, 1894-இல் 36 மைல் நீளக் கப்பல் கால்வாயாகப் பூர்த்தியாயிற்று. அதன் குறுக்கே, பார்ட்டன் என்னுமிடத்தில், மேலே செல்லும் பழைய படகுக் கால்வாயின் ஒரு துண்டு, இரு முனைகளையும் அடைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் தண்ணீரோடு அப்படியே பக்கவாட்டில் திரும்பிக் கப்பலுக்கு வழிவிடும்படி அமைத்தார்களே, அந்தச் சாமர்த்தியத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும்! கால்வாயின் போட்டியால் ரயில்காரரும் லிவர்பூலாரும் கட்டணத்தைக் குறைத்தார்கள்; வெகுகாலம் மன்றாடியும் கிடைக்காத சகாயம் அது. லிவர்பூலோ அழியவில்லை, அதன் பின்னரும் அட்லாண்டிக் வர்த்தகத்தின் பிரதான வாயில்களில் ஒன்றாகவே விளங்கிற்று. கால்வாயைத் தடுக்க அது பார்லிமெண்டில் செலவிட்ட பிரயத்தனத்தைத்தான் நான் நஷ்டக் கணக்கில் எழுதுவேன்.