வாய்மொழியில் வாழும் வரலாறு

நுழையும்முன்
அரசு ஆவணங்கள் ஆள்வோரின் குரலைப் பதிவு செய்கின்றன. பசியால் மடிந்தோர், போரில் வீழ்ந்தோர் ஆகியோரின் குரலை எங்கே கேட்பது? அயர்லாந்தின் சிற்றூர்கள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன.

கிளர்ச்சியின் நினைவு
1798இல் ஆங்கில ஆட்சியை எதிர்த்து அயர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். வெக்ஸ்போர்டு பகுதி உழவர்கள் ஈட்டியேந்திப் போரிட்டு, வினிகர் குன்றில் தோற்றனர். வழியுணவாக அவர்கள் சட்டைப்பையில் வைத்திருந்த பார்லி மணிகள், அவர்களைப் புதைத்த குழிகளின்மேல் பயிராய் முளைத்தன என்று மக்கள் தலைமுறைதோறும் சொல்லிவந்தனர். பெயர் பொறிக்கப்படாத கல்லறைகளுக்கு அப்பயிரே அடையாளமாயிற்று.

பஞ்சத்தின் நினைவு
1845இல் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. அதனையே நம்பி வாழ்ந்த ஏழைக் குடியானவர்கள் உணவின்றித் தவித்தனர். 1852வரை நீடித்த பஞ்சத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் இறந்தனர்; 10 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டு வெளியேறினர். அந்நாளிலும் தானியம் ஏற்றுமதியானது. ஐரிய மொழியில் அக்காலத்தைக் 'கெட்ட காலம்' என்பர். தன்னிடமிருந்த மாவைப் பசித்தோருக்கு அளித்த பெண்ணின் வெறும் பானை மீண்டும் நிறைந்தது என்னும் கதை பல ஊர்களில் வழங்கியது. பகிர்ந்துண்ணலை அம்மக்கள் எத்துணை உயர்வாகக் கருதினர் என்பதை அக்கதை உணர்த்துகிறது.

மாணவர் தொகுத்த கருவூலம்
1935இல் ஐரிய நாட்டுப்புறவியல் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் முயற்சியால் 1937 முதல் 1939 வரை, ஏறத்தாழ 5,000 பள்ளிகளின் மாணவர்கள் தம் வீட்டு முதியோரிடம் கேட்டறிந்தவற்றை எழுதினர். அக்குறிப்பேடுகள் இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. முதியோர் சொல்லவும் மாணவர் செவிசாய்த்து எழுதவும் முன்வந்தமையால், எளியோரின் வரலாறு அழியாது நிலைபெற்றது.