பட்டாம்பூச்சி கையோட கொண்டு வர்ற ஸ்ட்ரா

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல பாஸ் ஆனா போதும்னு இருக்கிற நண்பர்களே, ரெண்டு நிமிஷம் ஒரு பட்டாம்பூச்சியோட வாயைப் பாருங்க.

புழுவா இருக்கும்போது அதுக்கு இலையைக் கடிச்சுத் தின்ன தாடைகள் உண்டு. இறக்கையோட வெளியே வரும்போது அந்த இடத்துல நீளமான உறிஞ்சுகுழல். ஆனா அது முழுக் குழாயா வர்றதில்லை, ரெண்டு பாதியாத்தான் வருது. பட்டாம்பூச்சி அதைச் சுருட்டி, விரிச்சு, ஓரத்துல இருக்கிற நுண்ணிய கொக்கிகளை ஜிப் மாதிரி மாட்டி ஒண்ணாக்கணும். இது சரியா நடக்கலைன்னா அதால குடிக்க முடியாது. அதனால கூட்டிலிருந்து இப்பதான் வந்த ஒண்ணைப் பார்த்தா தொடாதீங்க.

தலைக்குள்ள ஒரு பம்ப் இருக்கு. உறிஞ்சுற வேலை அதோடது. தேன் எவ்வளவு இனிப்போ அவ்வளவு சக்தி. ஆனா கெட்டியாகக் கெட்டியாக பாகுத்தன்மை ஏறி, ஓட்டம் குறையும்.

சாப்பாட்டுக்கு ஏத்த மாதிரி நுனியும் மாறுது. பூவுல குடிக்கிறவைக்கு நுனி மெலிசா இருக்கும். அழுகின பழச்சாறு குடிக்கிற பல வகைகளுக்கு நுனியில பிரஷ் மாதிரி உணர்மயிர்கள் நெருக்கமா இருக்கும். ஈரத்தை ஒத்தி எடுக்க அது வசதி. அமெரிக்க வெப்பமண்டலத்து ஹெலிகோனியஸ் இன்னும் ஒரு படி மேல: குழல்ல மகரந்தத்தைச் சேர்த்து, உமிழ்நீர்ல ஊறவெச்சு, அமினோ அமிலங்களை உறிஞ்சும். அதுங்க மாசக்கணக்கா வாழ்றதுக்கு இந்தச் சாப்பாடும் ஒரு காரணம்.

அடுத்த தடவை கேம்பஸ் செடியில ஒண்ணு உட்கார்ந்தா, இறக்கையை மட்டும் போட்டோ எடுக்காம வாயையும் ஜூம் பண்ணுங்க.