புற்றுநோய்ச் சிகிச்சையும் தேகப் பயிற்சியும்

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று ஊர் திரும்பியவரை நாம் எவ்வாறு நடத்துகிறோம்? திண்ணையில் கட்டிலிட்டுப் படுக்க வைக்கிறோம்; தண்ணீர்ச் சொம்பைத் தூக்கவும் விடுவதில்லை. அன்பினால் செய்வதேயாயினும் இஃது அவருக்கு நன்மை பயப்பதன்று.

படுத்தே கிடப்பவரின் தசைகள் சில நாட்களிலேயே நலியத் தொடங்கும். தசை நலிந்தால் சிறு வேலைக்கும் களைப்புண்டாகும். களைப்பு மிகவே மீண்டும் படுக்கத் தோன்றும். மருந்துச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் நடைபெறும் காலத்திலேயே அளவாகப் பயிற்சி செய்வோர்க்குக் களைப்பும் மனச்சோர்வும் குறைவதை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன.

2025-இல் வெளிவந்த முடிவு இதனினும் வியப்பானது. கனடா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில், பெருங்குடற் புற்றுநோய்க்கு அறுவையும் மருந்தும் முடித்த 889 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்கு மூன்றாண்டுகள் துணைநின்று பயிற்சியளித்தனர். மற்றவர்க்கு அச்சிட்ட அறிவுரைகள் மட்டுமே. எட்டாண்டுக் கணக்கில் முதற்பிரிவில் நூற்றுக்கு 90 பேரும், மற்றதில் 83 பேரும் உயிர் வாழ்ந்தனர். வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் முக்கால் மணி நேரம் விரைந்து நடத்தலுக்கு ஈடான உழைப்பே அவர்களுக்கு வகுக்கப்பட்ட இலக்கு. இக்கணக்கு குடற்புற்றுக்கு உரியது. எல்லாப் புற்றுநோய்க்கும் அப்படியே பொருத்துதல் கூடாது.

மார்பகப் புற்றுநோய்க்குப் பின் கை வீங்குமென அஞ்சிப் பெண்கள் எடையே தூக்குவதில்லை. 2009-இல் வெளியான ஆராய்ச்சியில், கை வீக்கமுற்ற பெண்கள் ஓராண்டுக் காலம் சிறிது சிறிதாக எடையைக் கூட்டித் தூக்கினர், வீக்கம் மிகவில்லை. ஆனால் முதல் நாளே நிறைகுடத்தை எடுத்தலாகாது.

வயல் வேலையே பயிற்சியன்றோ என்பர் நம் உழவர். தருமபுரி வெயிலில் நாள் முழுதும் குனிந்து களையெடுப்பதில் அளவுமில்லை, ஓய்வுமில்லை. கதிரவன் ஏறுமுன் ஏரிக்கரையில் பத்து நிமிடம் நடக்கத் தொடங்கலாம். உடல் தாங்குமாயின் வாரம் மூன்று நாள், அரைமணியென வளர்க்கலாம். காய்ச்சல், மயக்கம், மார்வலி, மூச்சுத் திணறல் காணின் உடனே நிறுத்துக. மருந்தேற்றிய நாட்களில் காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்க. எலும்பில் நோய் பரவியவர்கள் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது.

2004 வரை நம் மாவட்டத்தோடிருந்த கிருஷ்ணகிரிப் பகுதியின் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டு 5-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. இயன்முறைச் சிகிச்சையை வீடு தேடி அளிப்பதும் அதன் பணிகளுள் ஒன்று. தேவைப்படுவோர் தம் ஊர்ச் சுகாதாரச் செவிலியரிடம் பெயரைத் தெரிவிக்கலாம்.