கைப்பைக்குள் ஒரு அவசரப் பை

வீட்டு அலமாரியில் பெரிய முதலுதவிப் பெட்டி வைத்திருப்போம். ஆனால் செருப்பு வார் பிய்வது பஸ் ஸ்டாண்டில். சட்டைப் பொத்தான் அறுவது இன்டர்வியூவுக்குப் போகும் வழியில். தினமும் தோளில் மாட்டும் பைக்குள் அடங்கும்படி ஒரு குட்டிப் பையைத் தயார் செய்துகொண்டால் இவற்றையெல்லாம் நின்ற இடத்திலேயே சமாளித்துவிடலாம்.

1. உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய ஜிப் பை போதும். சிவப்பு, மஞ்சள் என்று பளிச்சென்ற நிறத்தில் இருந்தால் கைப்பைக்குள் துழாவ வேண்டாம். பை பெரிதானால் பாரம் என்று நாமே ஒருநாள் வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவோம். அதனால் எதைச் சேர்க்கலாம் என்று பார்ப்பதைவிட, எதை விடலாம் என்று பார்ப்பதே நல்லது.

2. பெரிய ஊக்கு இரண்டு, சின்ன ஊக்கு நான்கு. ஒரு பெரிய ஊக்கிலேயே மற்றவற்றைக் கோத்துவிட்டால் சிதறாது. படியில் மாட்டிக் கிழிந்த புடவை ஓரத்துக்கு மட்டுமல்ல, செருப்புக்கும் ஊக்கு உதவும். ஹவாய் செருப்பின் வார் பிடுங்கிக்கொண்டால், அதன் நுனியில் உள்ள குமிழைத் துளை வழியே அடிப்பக்கமாக இழுங்கள். குமிழுக்கும் செருப்பின் அடிப்பாகத்துக்கும் நடுவே தெரிகிற தண்டில் ஊக்கைக் குறுக்கே குத்தி மூடுங்கள். வீடு போய்ச் சேரும்வரை தாங்கும்.

3. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் ஒரு துண்டு வெட்டி, கறுப்பு நூலும் வெள்ளை நூலும் சுற்றிக்கொள்ளுங்கள். இரண்டு ஊசிகளில் வீட்டிலேயே நூல் கோத்து அதே அட்டையில் குத்தி வையுங்கள். ஓடுகிற ரயிலில், வெள்ளெழுத்துக் கண்ணாடியும் இல்லாமல், ஊசியில் நூல் கோப்பது பெரும்பாடு. சட்டைப் பொத்தான் ஒன்றையும் அந்த நூலிலேயே கட்டிவிடலாம்.

4. ஒட்டும் பேண்டேஜ் ஐந்தாறு, பிரிக்காத காஸ் துணி ஒரு பாக்கெட். வெட்டுக்காயத்தில் ரத்தம் வந்தால் துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே எடுத்துப் பார்த்தால் உறைகிற ரத்தம் மறுபடி கசியும். காபித்தூள் அப்புவது வேண்டவே வேண்டாம்.

5. பேப்பர் சோப். இதைக் கட்டாயம் வையுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். கை கழுவ உதவும் என்பது இருக்கட்டும். தெருநாய் கடித்தாலோ கீறினாலோ முதல் மருந்தே சோப்பும் தண்ணீரும்தான். பக்கத்தில் இருக்கும் டீக்கடையிலோ வீட்டிலோ குழாயைத் திறந்துவிடச் சொல்லி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்ப்பொடி எதையும் வைக்கக் கூடாது. கழுவியாயிற்றே என்று நின்றுவிடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சின்னக் கீறல்தானே என்று விடுவதுதான் ஆபத்து. வெறிநோய் அறிகுறி வந்தபிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

6. பாரசிட்டமால் 500 மில்லிகிராம் நான்கு மாத்திரை, தினமும் சாப்பிடும் மாத்திரை இருந்தால் ஒரு நாளுக்கானது. மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, காலாவதித் தேதி அச்சிட்ட நுனி பெரும்பாலும் அவர்களிடமே தங்கிவிடும். தேதியைக் கேட்டு, மார்க்கர் பேனாவால் மாத்திரை அட்டையின் பின்புறம் எழுதிவிடுங்கள். டாக்டர் உங்களுக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பக்கத்து சீட்காரருக்குக் கொடுக்காதீர்கள். அவருக்கு என்ன ஒவ்வாமை என்பது நமக்குத் தெரியாது.

7. ஓ.ஆர்.எஸ். பொடி ஒரு பாக்கெட். 200 மில்லி தண்ணீருக்கா, ஒரு லிட்டருக்கா என்று உறையில் போட்டிருக்கும்; அந்த அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கொட்டிக் கரைக்க வேண்டும். பாதிப் பொடி, பாதித் தண்ணீர் என்று கண் மதிப்பில் கலந்தால் உப்பின் அளவு மாறிவிடும். வயிற்றுப்போக்கின்போது இதற்கு ஜூஸ் ஈடாகாது.

8. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் குளுக்கோஸ் பொடியோ, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ பொட்டலம் கட்டி வையுங்கள். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, கை நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே கொடுத்து, 15 நிமிடம் கழித்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். 108-ஐ அழையுங்கள்.

9. ஒரு நாப்கின், பிரிக்காமல். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் யாராவது ஒரு பள்ளிக்கூடப் பெண்ணுக்குத் தேவைப்படும்.

10. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலைப்பாதையில் போகிற அன்று மட்டும் ஒரு எலுமிச்சம்பழமும் ஓட்டையில்லாத இரண்டு கவரும்.

11. பத்து, இருபது, ஐம்பதாகக் கொஞ்சம் நோட்டு. சிக்னல் இல்லாத இடத்தில் கியூஆர் கோடு உதவாது. காலை முதல் டிரிப்பில் கண்டக்டரிடம் ஐந்நூறு ரூபாயை நீட்டவும் முடியாது. அதோடு ஒரு சின்ன அட்டை: வீட்டார் இருவரின் போன் எண், ரத்த வகை, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்தின் பெயர். போன் அணைந்துபோனால் எத்தனை பேருக்கு வீட்டு எண் மனப்பாடமாக இருக்கிறது? அட்டையின் மறுபக்கம் அவசர உதவிக்கு 112, ரயிலில் போகும்போது 139 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

12. இந்தப் பையை வண்டியின் சீட்டுக்கு அடியிலோ, வெயிலில் நிறுத்திய காரிலோ விட்டுவைக்காதீர்கள். சூட்டில் பேண்டேஜின் பசை இளகிவிடும், மாத்திரையும் வீரியம் இழக்கும். மாதச் சாமான் லிஸ்ட் எழுதும்போது இதையும் திறந்து தேதிகளைப் பாருங்கள். எடுத்துச் செலவான பொருளை அன்று ராத்திரியே திரும்ப வைத்துவிடுங்கள்.