தூய பொருளைத் தேர்ந்து கொள்ளல்

பொன் வாங்குவோர் உரைகல் இன்றி வாங்குவதில்லை. நெல் வாங்குவோர் மூட்டையின் வாயை மட்டும் நோக்கி அமைவதில்லை. அடியிலிருந்தும் ஒரு பிடி அள்ளிப் பார்ப்பர். கண்ணுக்குத் தெரியும் பொருளுக்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், கண்ணுக்கும் கைக்கும் எட்டாத தூய்மையை விலை கொடுத்து வாங்குவோர் எவ்வளவு விழிப்புடன் இருத்தல் வேண்டும்! அத்தகைய வாணிகம் ஒன்று இன்று உலகில் நடைபெற்று வருகின்றது. மின்னணுச் சில்லுகளைச் செய்யும் ஆலைகள் தமக்கு வேண்டிய தூய பலபடிப் பொருள்களை வாங்கும் வாணிகமே அது.

கைப்பேசி, கணிப்பொறி, மருத்துவக் கருவி, ஊர்தி ஆகிய பலவற்றுள்ளும் அமைந்து பணிபுரிவது சில்லு. சிலிக்கான் என்னும் தனிமத்தாலாகிய மெல்லிய வட்டத் தகட்டின்மேல் நுண்ணிய மின்பாதைகளை அடுக்கடுக்காக அமைத்து அதனைச் செய்கின்றனர். சிலிக்கானைக் குறைகடத்தி என்பர். அது செம்பைப் போல மின்சாரத்தைத் தடையின்றி விடுவதுமில்லை. கண்ணாடியைப் போல முற்றும் தடுப்பதுமில்லை. அதனுள் அளவறிந்து சேர்க்கும் சிறிதளவு அயற்பொருளே மின்சாரம் செல்லும் வழியை முடிவு செய்கின்றது. ஆகவே, வேண்டாத அயற்பொருள் சேருமாயின் வழி பிறழும். நூறு கோடி அணுக்களுள் ஓர் அயலணுவுக்கு மேல் இருத்தலாகாது என்னும் அளவுக்குச் சிலிக்கானை முதலில் தூய்மை செய்வது இதனாலேயே. ‘ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி நஞ்சு’ என்னும் பழமொழியின் பொருளை இங்கே தெளிவாகக் காணலாம்.

சில்லு உருவாகும் காலத்தில் அத்தகட்டை நீராலும் அமிலங்களாலும் பன்முறை கழுவுவர். அந்நீர் நாம் பருகும் நீரன்று. உப்பும் பிறவும் அறவே நீக்கப்பெற்றது. 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் அதன் மின்தடைத்திறன் 18.2 மெகாஓம் சென்டிமீட்டராகும். நீர் எட்டக்கூடிய தூய்மையின் எல்லை ஏறத்தாழ அதுவே. தன்னுள் ஒன்றும் இல்லாமையால் அந்நீர், தான் தொடுவனவற்றிலிருந்தெல்லாம் சிறிது கவர்ந்துகொள்ளும் இயல்புடையது. எஃகுக் குழாயில் செலுத்தினால் இரும்பைக் கவரும். கண்ணாடிக் கலங்களைக் கொள்ளலாமோ எனின், தகட்டின் மேலுள்ள ஆக்சைடுப் படலத்தை நீக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் கண்ணாடியையே அரித்துவிடும். உலோகமும் ஆகாது, கண்ணாடியும் ஆகாது என்ற நிலையில் கைகொடுத்தவை பலபடிகள்.

சிறிய மூலக்கூறுகள் பல, சங்கிலியின் கண்ணிகள் போல ஒன்றோடொன்று இணைந்து நீண்ட மூலக்கூறாகுமாயின் அதனைப் பலபடி என்பர். பாலிமர் என்பதும் அதுவே. பருத்தியின் இழையும் ரப்பரும் இயற்கை தந்த பலபடிகள். பாலித்தீன் மனிதன் ஆக்கியது. அவ்வாறு ஆக்கப்பெற்றவற்றுள் சிறப்புடைய ஒன்று எதிர்பாராத வகையில் தோன்றியது. 1938ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், அமெரிக்காவில் டுபான்ட் நிறுவனத்தின் ஆய்வாளரான ராய் பிளங்கெட் என்பார், தாம் சேமித்து வைத்திருந்த வாயு உருளை ஒன்றைத் திறந்தார். வாயு வெளிவரவில்லை. உருளையின் எடையோ குறையவில்லை. ‘உருளை வெறுமையாயிற்று’ என்று அதனை எறிந்துவிடாமல், அறுத்துப் பார்த்தார். உள்ளே வெண்ணிறத் தூள் இருந்தது. ஒட்டாத தோசைக்கல்லின் மேற்பூச்சாக நாம் அறிந்த டெஃப்லான் அதுவே. கார்பனும் ஃபுளோரினும் இறுகப் பிணைந்த அப்பொருளைக் கடுமையான அமிலங்களும் தீண்ட இயலவில்லை.

அதன் இனத்தைச் சேர்ந்த பிஎஃப்ஏ என்பது உருக்கி வார்க்கத் தக்கது. ஆதலின் அமிலக் குழாய்களும் குப்பிகளும் தகடுகளை ஏந்தும் தட்டுகளும் அதனால் செய்யப்படுகின்றன. தூய நீரைக் கொண்டு செல்லும் குழாய்களுக்குப் பாலிவினைலிடீன் ஃபுளோரைடு என்னும் பலபடி பயன்படுகின்றது. மின்பாதைகளை வரைதற்காகத் தகட்டின்மேல் பூசப்படும் ஒளியுணர் பூச்சிலும் பலபடி உண்டு. முடிந்த சில்லை மூடிக் காக்கும் உறையிலும் எப்பாக்சி என்னும் பலபடிப் பிசின் உண்டு. ஆக, சில்லின் வாழ்வில் தொடக்கமுதல் முடிவு வரை பலபடி உடன் செல்கின்றது.

ஆயினும், பலபடி என்ற பெயர் உடையன எல்லாம் தூயன அல்ல. அதனை ஆக்கும்பொழுது சேர்த்த வினையூக்கியின் எச்சம் உள்ளே தங்கியிருக்கலாம். வார்க்கும் எந்திரத்தின் உலோகம் தேய்ந்து கலந்திருக்கலாம். மூலக்கூற்றுச் சங்கிலியின் முனைகள் நிலைபெறாவிடின், அவற்றிலிருந்து ஃபுளோரைடு சிறிது சிறிதாகக் கசியலாம். குழாயின் உட்புறம் சொரசொரப்பாக இருப்பின் அங்கே அழுக்கும் நுண்ணுயிரும் தங்கலாம். இரண்டு குழாய்களை அருகருகே வைத்துப் பார்த்தால், நல்லதற்கும் தீயதற்கும் வேறுபாடு கண்ணுக்குத் தோன்றாது.

இவ்வேறுபாட்டின் விலை என்ன என்பதை 2019ஆம் ஆண்டில் தைவான் நாட்டில் நிகழ்ந்த ஒன்று காட்டும். உலகின் மிகப் பெரிய சில்லு ஆக்குநர்களுள் ஒன்றான டிஎஸ்எம்சி நிறுவனத்தின் தைனான் ஆலையில், தகடுகள் பல எதிர்பார்த்த தரத்தில் வரவில்லை. காரணத்தை ஆராய்ந்தனர். வெளியிலிருந்து வாங்கிய ஒளியுணர் பூச்சின் ஒரு தொகுதியில், கூறு ஒன்று முறை பிறழ்ந்து பக்குவப்படுத்தப்பட்டிருந்தது. அதனால் அயற்பலபடி ஒன்று அப்பூச்சினுள் தோன்றியிருந்தது. கெட்ட தகடுகளை ஒதுக்க வேண்டியதாயிற்று. அக்காலாண்டின் வருவாய் ஏறத்தாழ 55 கோடி டாலர் குறையும் என்று அந்நிறுவனம் பிப்ரவரித் திங்களில் அறிவித்தது. பன்னாள் உழைப்பு ஒரு தொகுதிப் பூச்சினால் வீணாயிற்று. பெருநிறுவனத்திற்கே இந்நிலை எனின், விலை ஒன்றையே நோக்கி வாங்குவோர் நிலையை எண்ணிப் பாருங்கள். விலை குறைந்த பொருள் எல்லாம் செலவு குறைந்த பொருள் அன்று.

அவ்வாறாயின், பொருள் வழங்குவோரைத் தேர்வது எங்ஙனம்?

முதலாவது, அவர் சொல்லை மட்டும் கொள்ளாது பொருளைச் சோதித்தல் வேண்டும். பலபடியின் துண்டுகளைத் தூய நீரிலும் அமிலத்திலும் பல நாள் ஊற வைப்பர். பின்னர், அதில் கசிந்த உலோகங்களையும் அயனிகளையும் கரிமப்பொருளையும் நுண்கருவிகளால் அளப்பர். ஒரு இலட்சம் கோடியில் ஒரு பங்கு இருப்பினும் கண்டுபிடிக்கவல்ல கருவிகள் இன்று உள்ளன. இத்தகைய சோதனைகளுக்கும் எல்லைகளுக்கும் ‘செமி’ என்னும் உலகத் தொழிற்கழகம் ‘எஃப் 57’ என்ற தர விதியை வகுத்துள்ளது.

இரண்டாவது, ஒரு தொகுதி நன்றாக இருத்தல் போதாது. எல்லாத் தொகுதிகளும் ஒத்திருத்தல் வேண்டும். காட்டுதற்கென்று அனுப்பும் மாதிரியை எவரும் நன்றாகவே அனுப்புவர். ஆதலின், ஒவ்வொரு தொகுதிக்கும் பகுப்பாய்வுச் சான்று கேட்டல் வேண்டும். அச்சான்றுகளை வரிசையாக வைத்து, அளவுகள் ஏறி இறங்குகின்றனவா என்று நோக்குதலும் வேண்டும்.

மூன்றாவது, பொருள் எங்கே எவ்வாறு ஆக்கப்படுகிறது என்பதை நேரில் சென்று காணல் வேண்டும். தூசு நீக்கிய அறையில் வார்த்து, அங்கேயே கழுவி, இரட்டை உறையிலிட்டு மூடுவோர் உளர். திறந்த வெளியில் வார்த்துப் பின்னர்த் துடைத்துத் தருவோரும் உளர். இருவர் தரும் பொருளும் தோற்றத்தில் ஒன்றே.

நான்காவது, மாற்றத்தை முன்கூட்டி அறிவிப்பவரா என்று தெளிதல் வேண்டும். மூலப்பொருளை வேறிடத்தில் வாங்குவதும் எந்திரத்தை மாற்றுவதும் ஆலையை இடம்பெயர்ப்பதும் வழங்குவோர்க்குச் சிறு செயலாகத் தோன்றலாம். வாங்குவோர்க்கோ அது புதிய பொருளே. ‘எம்மிடம் பிழையே நேராது’ என்பவரினும், ‘இப்பிழை நேர்ந்தது, இத்தொகுதியை நிறுத்தி வையுங்கள்’ என்று முந்தி உரைப்பவரே நம்பத் தக்கவர். ஒளியுணர் பூச்சின் குறை தகட்டில் ஏறிய பின்னர்த் தெரிவதற்கும், ஏறுமுன் தெரிவதற்கும் உள்ள தொலைவு கோடிக்கணக்கான டாலர் அன்றோ!

நல்லவர் ஒருவரைக் கண்டபின் அவர் ஒருவரையே சார்ந்திருக்கலாமா? அதுவும் தீங்கே. 1993ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 4ஆம் நாள், ஜப்பானில் நீகாமா நகரிலிருந்த சுமிட்டோமோ வேதியியல் ஆலையில் வெடி விபத்து நேர்ந்தது. சில்லுகளின் உறைக்கு வேண்டிய எப்பாக்சிப் பிசினில் உலகத் தேவையின் பாதிக்கு மேற்பட்டது அவ்வோர் ஆலையிலிருந்தே சென்றுகொண்டிருந்தது. விரைவில் நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறிற்று. 2019ஆம் ஆண்டு ஜூலையில் ஜப்பான் அரசு, ஃபுளோரின் சேர்ந்த பாலிஇமைடு, ஒளியுணர் பூச்சு, ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிய மூன்று பொருள்களைத் தென்கொரியாவுக்கு ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு விதித்தது. கொரிய ஆலைகள் வேறு வழங்குவோரை விரைந்து தேடலாயின. அக்கட்டுப்பாடு 2023ஆம் ஆண்டு மார்ச்சில்தான் நீங்கியது. 2022ஆம் ஆண்டு டிசம்பரிலோ, 3எம் என்னும் அமெரிக்க நிறுவனம், சுற்றுச்சூழலில் அழியாது தங்கும் ஃபுளோரின் சேர்மங்களை ஆக்குவதை 2025 இறுதிக்குள் விட்டுவிடுவதாக அறிவித்தது. ஃபுளோரின் பலபடிகளும் அவற்றுள் அடங்கும். தீ விபத்து, அரசாணை, கொள்கை மாற்றம் ஆகியவற்றுள் எதனாலும் வரவு நிற்கலாம். ஆதலின், இரண்டாம் வழங்குநரை முன்னரே சோதித்துத் தெளிந்து வைத்தல் அறிவுடையோர் செயலாகும். அதற்குப் பல திங்கள் காலமும் பெரும் பொருளும் செலவாகும் என்பது உண்மையே. கிணறு வெட்டுவதும் செலவுதான். ஆனால் அதனைத் தாகம் வந்தபின் தொடங்குவார் இல்லை.

நம் நாட்டிலும் குஜராத் மாநிலத்துத் தொலேராவில் சில்லு ஆக்கும் ஆலைக்கு 2024ஆம் ஆண்டு மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பெற்றது. இத்தகைய ஆலைகளில் பொருள் தேரும் பொறுப்பு நாளை உங்களுள் சிலர் கைக்கு வரக்கூடும். அப்பொழுது உங்கள் முன் சான்றிதழ்கள் பல விரிக்கப்படும், விலைப்பட்டியல்கள் நீட்டப்படும், பெரும்பெயர்கள் கூறப்படும். பெயரைக் கேட்டு மயங்காமலும், விலையைக் கண்டு விரையாமலும், பொருளைச் சோதித்து, ஆக்குவோரின் ஒழுங்கை அறிந்து, அதன்பின் நம்புங்கள். நம்பிய பின்னரும் அளந்து பார்ப்பதை விடாதீர்கள். நேர்மையுடன் பொருள் தருவோர் அதனை ஐயம் என்று வருந்தார்; தம் தொழிலுக்குச் செய்யும் மதிப்பென்றே கொள்வர்.

வினாக்கள்

1. தூய நீரைக் கொண்டு செல்ல எஃகுக் குழாய் ஏற்றதன்று, ஏன்?
2. மாதிரி ஒன்று நன்றாக இருத்தல் போதாது என்று ஆசிரியர் கூறுவதன் காரணம் யாது?
3. ‘விலை குறைந்த பொருள் எல்லாம் செலவு குறைந்த பொருள் அன்று’ என்பதைத் தக்க சான்று காட்டி விளக்குக.
4. நம்பிக்கையும் சோதனையும் ஒன்றற்கொன்று பகையா, துணையா? உம் கருத்தை ஒரு பக்க அளவில் எழுதுக.