7 ஆ, 44 ஆ?

எட்டாம் வகுப்பு நிலவரைபடத் தேர்வில் ஒரு மாணவி சேலம்–மதுரை சாலைக்கு 7 என எழுதியிருந்தாள். தவறு என்று சுழித்துவிட்டேன். "எங்க அப்பா லாரி ஓட்டுறார் சார், ஏழுன்னுதான் சொல்வார்" என்றாள்.

அவர் சொன்னது வாரணாசி–கன்னியாகுமரி சாலையின் பழைய எண். 2010இல் தேசிய நெடுஞ்சாலைகளின் எண்களை மாற்றினார்கள். வடக்கு–தெற்குச் சாலைக்கு இரட்டைப்படை. கிழக்கிலிருந்து மேற்காக எண் கூடும். கிழக்கு–மேற்குச் சாலைக்கு ஒற்றைப்படை. வடக்கிலிருந்து தெற்காகக் கூடும். அதனால்தான் லடாக் செல்லும் சாலை 1, தனுஷ்கோடி செல்வது 87. ஸ்ரீநகர்–கன்னியாகுமரி 44. மூன்று இலக்கம் என்றால் கிளைச்சாலை. கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைக் காட்டும். சேலத்தில் 44இலிருந்து பிரிந்து கொச்சி செல்லும் பழைய 47, இப்போது 544.

அவளுக்கு அரை மதிப்பெண் கொடுத்தேன், முழுதும் கொடுத்திருக்கலாம். இப்போது வரைபடத்தில் இரண்டு எண்களையும் எழுதச் சொல்கிறேன், பழையதைப் பென்சிலில்.