இலத்தீன் ‘கார்போ’: பொருள், இலக்கணம், சொற்பிறப்பு

முன்னுரை

கரியைக் குறிக்கும் இலத்தீன் ‘கார்போ’, தமிழ்க் ‘கரி’யோடு ஒலியாலும் பொருளாலும் நெருங்கி நிற்கிறது. இந்நெருக்கம் இனவுறவுக்குச் சான்றாகுமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பொருளும் இலக்கணமும்

எரிகையில் ‘புரூனா’, அவிந்தபின் ‘கார்போ’ என வெர்கிலின் உரையாசிரியர் செர்வியுஸ் வேறுபடுத்துவார். எனினும் வழக்கில் ‘கார்போ’ கனலும் கரிக்கும் வரும். இஃது ஆண்பாற்பெயர், மூன்றாம் பெயர்த்திரிபு வகையினது. உடைமை வேற்றுமை ‘கார்போனிஸ்’ எனவும், எழுவாய்ப் பன்மை ‘கார்போனேஸ்’ எனவும் வருதலின், சொல்லடி ‘கார்போன்-’ என்பது பெறப்படும். எழுவாய் ஒருமையில் ஈற்று னகரம் கெட்டது.

இவ்வடியுடன் ‘-ஆரியுஸ்’ ஒட்டுச் சேர்ந்த ‘கார்போனாரியுஸ்’ கரி சுடுவோனைக் குறிக்கும். சிறுமை ஒட்டேற்ற ‘கார்புங்குலுஸ்’ சிறுகரித்துண்டு. அது செம்மணிக்கும் ஒருவகைக் கட்டிக்கும் ஆகிவந்தது. செம்மணியைச் சுட்டுதற்கு ஏது கனலும் கரியின் செம்மையே, கருமையன்று.

சொற்பிறப்பு

அறிஞர் பலர் ‘கார்போ’வை எரித்தற்பொருள் கொண்ட இந்தோ-ஐரோப்பிய வேரோடு இணைப்பர்; அதுவும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. தமிழ்க் ‘கரி’யோ ‘கரு’, ‘கார்’, ‘கருமை’ என்னும் நிறச்சொற்களோடு உறவுடையது. மேலும், ‘கார்போன்-’ அடியிலுள்ள பகரத்துக்கும் னகரத்துக்கும் ‘கரி’யில் ஈடில்லை. தமிழில் இன்று வழங்கும் ‘கார்பன்’ ஆங்கிலவழி வந்த கடன்சொல். அது தொன்மையுறவைக் காட்டாது.

முடிவுரை

அகராதித் தலைச்சொல்லாகிய எழுவாய் வடிவத்தை மட்டும் ஒப்பிடின் உறவு இருப்பதாகத் தோன்றும். சொல்லடியை ஒப்பிடின் அத்தோற்றம் தளரும். பல சொற்களில் ஒழுங்காக அமையும் ஒலியிணைகள் காட்டப்படாதவரை, இவ்விரு சொற்களின் ஒப்புமையை இனவுறவுக்குச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது.